களர் உவர் நிலத்தில் நெல்லி

அதியமான் ஔவைக்கு ஈந்த கனி என்று நெல்லியின் பெருமையை நாம் அடிக்கடி பேசுகிறோம். அதனைத் தோட்டப் பயிராக எண்ணிப் பார்ப்போர் நம் பகுதியில் சிலரே. நொய்யற் கரை உழவர் பெருமக்கள் இம்மரத்தைப் பற்றி அறிந்துகொள்ளத் தனிக் காரணம் உண்டு.

பாசனத்திற்கென 1992-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் தேங்கிற்று. சுற்றிலுமுள்ள கிணறுகளும் நிலங்களும் உப்பேறின. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் மண்ணில் படிந்த உப்பு ஆணையால் அகன்றுவிடுவதன்று. அத்தகைய நிலத்தில் வாழையும் மஞ்சளும் தாங்கா. நெல்லி ஓரளவு தாங்கும்.

இங்கு ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். களர் வேறு, உவர் வேறு. சோடியம் மிகுந்து இறுகிய மண் களர். கரையும் உப்புகள் மிகுந்தது உவர். கார நிலை 9.5 வரையுள்ள களரிலும் நெல்லி வளர்வதை உத்தரப் பிரதேசத்தில் கண்டிருக்கின்றனர். மிகுந்த உவரிலோ இளங்கன்று கருகிவிடும். ஆதலின் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்த பின்னரே கன்று வாங்க வேண்டும். கிணற்றில் நெல்லிக்கட்டை இடும் பழைய வழக்கத்தால் நீரின் சுவை சிறிது மாறலாம். சாயக்கழிவின் உப்பு நீங்காது.

இருபதடி இடைவெளியில் மூன்றடிக் குழி எடுத்து, தொழு உரமும் மேல்மண்ணும் இட்டு, ஐப்பசி மழையை ஒட்டி நடுவது நம் பகுதிக்கு ஏற்றது. மழைநீர் வேர்ப்பகுதி உப்பைக் கீழே கொண்டு செல்லும். ஏக்கருக்கு ஏறத்தாழ 110 மரங்கள் கொள்ளும். ஆட்டிற்கு நெல்லித் தழை விருந்து. கிளுவை வேலி இன்றி நடுதல் வீண். ஒட்டுக் கன்று நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கும்.

இரகங்களுள் பி.எஸ்.ஆர். 1 நமக்கு அண்மையிலுள்ள பவானிசாகரில் உருவானது. பைசாபாத்திலிருந்து வந்த என்.ஏ. 7 மிகுதியாகக் காய்க்கும். பாரத்தால் கிளை முறிவதும் உண்டு. காஞ்சனின் காய் சிறிது, நாருள்ளது, ஆலைகள் விரும்புவது. கிருஷ்ணாவின் காய் பெரிது. பனாரசியின் காயும் பெரிதே. எனினும் விளைச்சல் குறைவு. எதுவாயினும் ஒரே இரகத்தை நடலாகாது. அயல் மகரந்தம் கிடைத்தாலன்றிக் காய்ப்பு நன்கு பிடிக்காது; இரண்டு மூன்று இரகங்களைக் கலந்து நடுக.

உயிர்ச்சத்து சி நெல்லியில் ஆரஞ்சைக் காட்டிலும் பன்மடங்கு உண்டு. ஊறுகாய், தேன்நெல்லி, வற்றல், தலைக்கு எண்ணெய், கடுக்காய் தான்றிக்காயுடன் திரிபலா எனப் பயன் பல. அதன் துவர்ப்பு இரும்புடன் சேர்ந்து நூலுக்குக் கருஞ்சாயமும் தரும். சாயத்தால் நொந்த ஊர்களில் இதைச் சொல்லச் சிறிது தயக்கமே.

பச்சைக் காயாக விற்பனை குறைவு. ஆதலின் கொள்வோர் யாரென முன்னரே விசாரித்தல் நன்று. ஓர் ஊராட்சியில் பத்து உழவர் ஒருங்கே நட்டால் வணிகர் வண்டியுடன் ஊருக்கே வருவர். ஒருவர் மட்டும் நான்கு மரம் வைத்தால், காயை அவரே சந்தைக்குச் சுமந்து செல்ல நேரும்.