பாலாறும் பரதேச வர்த்தகமும்

வர்த்தகம் பெருகினால் தேசம் செழிக்கும் என்பது நாம் யாவரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால், கப்பலேறும் சரக்கின் பணத்தை வரவில் எழுதிக்கொண்டு, அதற்காக இழந்த ஆற்றைச் செலவில் எழுதாமல் விட்டால் அது சரியான கணக்காகுமா? பாலாற்றுப் பிரதேசத்திலுள்ள வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய ஊர்களின் சரித்திரம் இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

பழைய நாட்களில் அங்கெல்லாம் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவார்கள். அதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். பாதி வேலை முடிந்த அத்தோல் சீமைக்குப் போய், அங்கே மெருகேறி, மிகுந்த விலைக்கு விற்கப்பட்டது. சுதந்திரம் பெற்ற தேசம் இதை எத்தனை காலம் சகித்திருக்க முடியும்? ஆகவே 1970-களில் நமது சர்க்கார் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழு வேலையும் இங்கேயே நடைபெற வழி செய்தனர். நோக்கம் உத்தமமானதே. லாபமும் கூலியும் நம் நாட்டில் தங்கின; அவற்றோடு கழிவும் தங்கிவிட்டது! விரைவில் வேலையை முடிக்கும் குரோமிய உப்பு, பட்டையின் இடத்தைப் பிடித்தது. தோல் கெடாதிருக்கத் தடவும் சாதாரண உப்பும், குரோமியமும், சாயமும் கலந்த நீர் ஓடையிலும் ஏரியிலும் ஆற்றிலும் இறங்கியது.

விளைவு என்ன? 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பைப் பார்த்தால் விளங்கும். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் ஜலம் செலவாகிறதென்றும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்றென்றும் அதில் கண்டிருக்கிறது. மாசு செய்தவரே அதற்குரிய செலவைக் கொடுக்க வேண்டும் என்னும் தர்மம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்றும் நீதிபதிகள் நிலைநாட்டினர்.

சரக்கு வாங்கும் தேசத்தாரும் சும்மா இருக்கவில்லை. தோலில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கச் சேர்த்துவந்த ஒரு மருந்தை ஜெர்மனி 1989-இல் தடை செய்தது; 1994-இல் சில சாயங்களையும் விலக்கியது. சரக்கு திரும்பி வந்துவிடுமே என்று நம் உற்பத்தியாளர் மாற்றுப் பொருள்களைத் தேடினர். நல்லதுதான். ஆனால் அச்சட்டங்கள் காத்தது பாதுகை அணிபவரின் சருமத்தை; பாலாற்றங்கரைக் கிணற்றை அன்று. அதைக் காக்கும் பொறுப்பு நம்முடையதல்லவா?

தோல் பதனிடும் சாலைகளை மூடிவிட்டால் போகிறது என்று சிலர் சொல்லக்கூடும். எத்தனையோ குடும்பங்களுக்கு அன்னமிடும் தொழிலை அப்படி எளிதில் அழித்துவிடலாகாது. அன்றியும், கழிவு நீரைச் சுத்தம் செய்யப் பணம் செலவிடுகிறவர், செலவிடாதவரோடு ஒரே சந்தையில் போட்டியிட வேண்டியிருக்கிறது. யோக்கியர் நஷ்டப்படும் சந்தையில் யோக்கியதை எப்படி வளரும்? ஆகையால் சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்; சுத்திகரிப்பின் செலவு சரக்கின் விலையிலேயே சேர வேண்டும்; அந்த விலையை அயல்நாட்டார் கொடுக்க வேண்டும்.

2025 ஜனவரி 30-ந் தேதி அதே சுப்ரீம் கோர்ட்டு, பாலாற்றுப் பிரதேசத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு வழங்கி, அத்தொகையை மாசு செய்தவர்களிடம் வசூலிக்குமாறு மறுபடியும் உத்தரவிட நேர்ந்தது. முதல் தீர்ப்பு வந்த ஆண்டில் பிறந்த குழந்தை இதற்குள் வளர்ந்து பெரியவனாகிவிட்டது. அதன் குழந்தையாவது அந்தக் கிணற்று ஜலத்தைக் குடிக்குமா? அந்நியச் செலாவணியைக் கொண்டு எதையும் வாங்கலாம். ஆற்றை வாங்க முடியாது.