பத்துத் தந்தி, ஒரு வில்

தேவிகாபுரத்துத் தறியில் இழுத்துக் கட்டிய பட்டுப் பாவில் ஓர் இழையைச் சுண்டிப் பாருங்கள். மெல்லிய ஓசை எழும். பாவை இன்னும் இறுக்கினால் ஓசை ஏறும். இழை நீண்டால் இறங்கும், கனத்தாலும் இறங்கும். நீளம், இழுவிசை, எடை: தந்திக் கருவிகளின் சுருதி முழுக்க இந்த மூன்றுக்குள் அடக்கம். சீனர்கள் தங்கள் பழைய 'குச்சின்' கருவிக்குப் பட்டு நூலையே தந்தியாகக் கட்டினார்கள்.

இந்த மூன்றின் எல்லையைத் தொட்டுப் பார்த்த தமிழ் வயலின் கலைஞர் எல். சங்கர். 1950இல் சென்னையில் பிறந்தார். தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர்; இலங்கையின் 1958 இனக்கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும் அண்ணன்மார். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படிக்கப்போன சங்கர், ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினோடு சேர்ந்தார். ஜாகிர் உசேனின் தபலாவும் விக்கு விநாயக்ராமின் கடமும் கூட, 'சக்தி' இசைக்குழு பிறந்தது. 1975 ஜூலை 5 கச்சேரியின் பதிவே அதன் முதல் இசைத்தொகுப்பு.

அதே பத்தாண்டில் போலந்திலும் ஜாஸ் வயலின் கொழுந்துவிட்டது. அங்கே ஸ்பிக்னியேவ் சைஃபர்ட், ஜாஸில் முதலில் சாக்ஸபோன் வாசித்தவர். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் மூச்சோட்டத்தை வயலினில் கொண்டுவரப் பாடுபட்டார். 1979இல், முப்பத்துமூன்று வயதுகூட நிறையாமல், புற்றுநோயில் மறைந்தார். சங்கருக்கு அந்த ஓட்டம் வீட்டுச் சொத்து. கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலிருந்தே நம் வயலின், பாடும் குரலின் பின்னாலேயே நடந்து பழகியது. வயலின் கழுத்தில் வீணையைப் போல் மெட்டு கிடையாது. விரல் எங்கும் நிற்கலாம், எங்கும் வழுக்கலாம். கமகம் அதில் இயல்பாக உட்கார்ந்துகொண்டது.

வில் செய்யும் வேலைதான் எனக்குத் தீராத வியப்பு. பிசின் பூசிய குதிரைமயிர் தந்தியைப் பற்றி இழுக்கிறது, ஒரு கட்டத்தில் தந்தி நழுவித் திரும்புகிறது, மறுபடி பிடிபடுகிறது. 440 அதிர்வு கொண்ட தந்தியில் இது நொடிக்கு 440 முறை நடக்கும். தந்தி வில்லாய் வளைந்து ஆடுவதாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும், உண்மையில் அதில் ஒரு கூர்முனை மட்டும் இங்கும் அங்கும் ஓடுகிறது. ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்டது இது. அதை விரிவான கணிதமாக்கியவர் நம் சி.வி. ராமன், 1918இல் கல்கத்தாவில் வெளியிட்டார். பிறகு வயலினைத் தானே வாசிக்கும் இயந்திரம் ஒன்றும் செய்தார். அதில் வில் அசையாது. வயலின்தான் முன்னும் பின்னும் நகரும்! வில்லின் வேகத்தையும் அழுத்தத்தையும் தனித்தனியே அளக்க அதுவே வழியாயிற்று.

சங்கருக்கு வேறோர் ஆசை. வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் நான்கின் குரலும் ஒரே கருவியில் வேண்டும். கணக்குப் போட்டால் மலைப்பு வரும். வயலினின் கீழ்த்தந்தி 196 அதிர்வு. டபுள் பாஸின் கீழ்த்தந்தி ஏறக்குறைய 41. வயலின் நீளத்தையும் இழுவிசையையும் மாற்றாமல் அவ்வளவு இறங்க, தந்தி சுமார் 23 மடங்கு கனக்க வேண்டும். ஒலித்தாலும் காதுக்கு எட்டுவது கடினம்: 41 அதிர்வின் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல், ஒரு முழம்கூட இல்லாத மரப்பெட்டி அதைக் காற்றில் தள்ளத் திணறும். மின்வழி இந்தத் தடையைத் தாண்டுகிறது. தந்தியின் அதிர்வு மின்குறியாக மாறி ஒலிபெருக்கிக்குப் போவதால் பெரிய பெட்டி தேவையில்லை.

சங்கர் வடிவமைக்க, அமெரிக்கக் கைவினைஞர் கென் பார்க்கர் அந்தக் கருவியைச் செய்துகொடுத்தார்: இரண்டு கழுத்து, கழுத்துக்கு ஐந்தாகப் பத்துத் தந்தி.

அதை வைத்து அவர் ஜாஸ்தான் வாசித்திருப்பார் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 1980இல் பதிவான 'ஹூஸ் டு நோ' இசைத்தொகுப்பில் வாசித்தது கர்நாடக இசையின் ராகம் தானம் பல்லவி. மிருதங்கம் உமையாள்புரம் சிவராமன், தபலா ஜாகிர் உசேன். தாளம் போட்டவர் தந்தை லட்சுமிநாராயணா.