குழுவில் கேள்வி பிறக்க வேண்டுமானால்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் சேர்ந்து தோட்டம் செய்த ஓரிடத்தில் வாராந்தக் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். இளம் தாய் ஒருவர் எழுந்து, "சுவாமி, வெண்டி மஞ்சளாய்ப் போகுது. மத்தியானத்திலை வாடுது, பின்னேரம் திரும்ப நிமிருது. ஏன்?" என்று கேட்டார். பயிரைப் பாராமலே, "பசளை காணாது, யூரியா போடுங்கள்" என்றோம். எல்லோரும் தலையாட்டினர். கடனுக்கு யூரியா வாங்கிப் போட்டனர். மஞ்சள் மாறவில்லை, கடன்தான் மிஞ்சியது.

மூன்று வாரங்களின் பின் குழுத் தலைவர் ஒரு வெண்டியை வேரோடு பிடுங்கிக் கூட்டத்தின் நடுவே சாக்கில் வைத்தார். "என்ன தெரியுது?" என்று மட்டும் கேட்டார். வேரெங்கும் முடிச்சு முடிச்சாக இருந்தது. அதுவரை வாய்திறவாத ஒரு பையன், "கௌபி வேரிலையும் முடிச்சு இருக்குதே, அதுவும் வருத்தமோ?" என்றான். சிலர் சிரித்தனர். தலைவர் சிரிக்கவில்லை. "ஓடிப்போய் ஒரு கௌபி பிடுங்கிக்கொண்டு வா" என்றார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கௌபியின் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தது. நகத்தால் தட்ட உதிர்ந்தது. பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்குச் சேர்த்துக் கொடுக்கும் பற்றீரியா குடியிருக்கும் வீடு அது. வெண்டியிலோ வேரே வீங்கியிருந்தது, கழற்ற முடியவில்லை. அது வட்டப்புழுவின் வேலை. யூரியா அதற்கு மருந்தல்ல. அக்காணியில் முன்பும் கத்தரி நின்றதாக அப்போதுதான் ஒருவர் சொன்னார். கத்தரி, தக்காளி, வெண்டி மூன்றையும் அப்புழு தாக்கும். ஒன்றின்பின் ஒன்றாக அவற்றையே வைத்தால் அது மண்ணில் பெருகும்.

எமது அவசரப் பதில் யூரியாவின் விலையை மட்டுமா விழுங்கியது? அந்தத் தாயின் கேள்வியையும் மூடிவிட்டது.

சொந்தக் காணியில் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த வரம்போரம் உவர் பூக்கும் என்பது எம்மவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். பிறர் காணியிலும், பல ஆண்டுகளின் பின் திரும்பிய காணியிலும் கேட்டும் பார்த்துமே அறிய வேண்டும். ஆனால் நிவாரணத்திற்கு வரிசையில் நின்ற காலம் எம்மைப் பேசாதிருக்கப் பழக்கிவிட்டது. கேள்வி கேட்டால் பட்டியலில் பெயர் விடுபடுமோ என்ற பயம், குழுக் கூட்டத்திற்கும் கூடவே வந்து உட்காருகிறது.

இவ்விடயத்தில் இந்தோனேசிய நெற்செய்கையாளரின் அனுபவம் பெரிது. அங்கே எம்மவர் அறக்கொட்டியான் என்னும் கபிலநிறத் தத்தி வயல்களை எரித்தது. மருந்தடிக்க அடிக்க அது பெருகியது. தத்தியைத் தின்னும் சிலந்திகளை மருந்து கொன்றது. இலையுறைக்குள் இட்ட தத்தி முட்டைகளோ தப்பின. 1986 இல் நெல்லுக்கான 57 கிருமிநாசினிகளை அரசு தடைசெய்தது. 1989 இல் உணவு விவசாய நிறுவனத்தின் துணையோடு வயற் பாடசாலைகள் தொடங்கின. அங்கே ஒருவர் பூச்சியொன்றைக் கொண்டுவந்து "இது என்ன?" என்றால் வழிநடத்துநர் பெயர் சொல்வதில்லை. "எங்கே கண்டீர்கள்? என்ன செய்துகொண்டிருந்தது?" என்று திருப்பிக் கேட்பார். சிலந்தியையும் தத்தியையும் ஒரே கூண்டில் விட்டு, எது எதைத் தின்கிறது என்று அவர்களையே பார்க்கச் செய்தனர். பத்தாண்டுகளில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அப்படிப் பயின்றனர். எம்மாவுக்குச் சென்ற சீடரோடு நடந்த ஆண்டவரும், எல்லாம் அறிந்திருந்தும், என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்றுதானே தொடங்கினார்!

குழுத் தலைவர்களுக்கு இது எளிதன்று. பதில் சொல்லாவிட்டால் மதிப்புப் போய்விடும் என்று நினைக்கிறோம். (குருமாருக்கு இந்த வருத்தம் சற்று அதிகம்.) "எனக்குத் தெரியாது, வாருங்கள் பார்ப்போம்" என்று தலைவர் ஒருமுறை சொல்லட்டும், அடுத்த கிழமை இரண்டு கேள்வி கூடுதலாக வரும். கூட்டத்தை மரநிழலில் அல்லாது வயல் வரம்பில் வைப்பது நல்லது. பெண்களும் கூலிக்கு வருவோரும் முதலில் பேசட்டும். களை பிடுங்குபவரே பயிரைக் கிட்ட இருந்து பார்ப்பவர். விவசாயப் போதனாசிரியரிடம் போகும்போது கேள்வி கேட்டவரையே செடியோடு அழைத்துச் செல்லுங்கள்.

மருந்தடித்தவருக்குத் தலைசுற்றி வாந்தி வந்தால் அது கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் நேரமல்ல. மருந்துப் போத்தலோடு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒருவர் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க விரும்பினால் முழுக் காணியிலும் வேண்டாம். ஒரு பாத்தி போதும். பக்கத்துப் பாத்தியை வழமைபோல் விடுங்கள். அந்தப் பாத்தி பிழைத்தால் நட்டம் குழுவினுடையது என்று முன்கூட்டியே தீர்மானித்துக் கூட்டக் கொப்பியில் எழுதுங்கள். கடன்பட்ட வீட்டில் ஒரு பாத்தி வெண்டியும் பெரிது. நட்டம் தன் தலையில் விழுமென்றால் எவரும் இரண்டாம் முறை முன்வரமாட்டார். அதே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கேள்விகளையும் கேட்டவர் பெயரோடு எழுதி வையுங்கள். விடை கிடைக்காதவற்றை வெட்டிவிடாமல், அடுத்த போகத்தின் முதற் கூட்டத்தில் வாசியுங்கள்.