பால் வாளியைத் தேடும் அம்மாக்கள்

மலேசியாவில் 2018-இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு முதுமை மறதிநோய் இருக்கக்கூடும் என்று தெரியவந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடம் அது இன்னும் அதிகம்.

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங், சிகாமட், லாபிஸ் தோட்டங்களில் வளர்ந்த தலைமுறையை நினைத்தால் இந்தக் கணக்கு வலிக்கிறது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று படிப்பு நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகள்தாம் இன்று எழுபது, எண்பது வயது அம்மாக்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் அதுவும் போய்த் தாமான் குடியிருப்பு வந்துவிட்டது. அந்த அம்மாக்களில் ஒருவரோ விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நேரமாச்சு என்று ரப்பர் பால் வாளியைத் தேடுகிறார். புதிய நினைவுகளைப் பதித்துவைக்கும் மூளைப்பகுதியைத்தான் அல்சைமர் பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. அதனால் காலையில் சாப்பிட்டது மறந்துவிடும். இருபது வயதில் வெட்டிய ரப்பர் மர நிரை மறக்காது. “தோட்டமே இல்லம்மா, எப்பவோ வித்துட்டாங்க” என்று வாதாடினால் பயமும் கோபமும்தான் மிஞ்சும். “மழை பெய்யுதும்மா, இன்னிக்கு வெட்டு இல்ல” என்றால் மனம் அமைதியாகிப் படுத்துவிடக்கூடும். இதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

அதே நான்கு மணிக்குத்தான் மகன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் பாலம் கடக்கக் கிளம்புகிறார். வீட்டில் மிஞ்சுவது ஒரு மகள், அல்லது மருமகள். மாதம் பிறந்ததும் சிங்கப்பூர் வெள்ளி வருகிறது, உண்மைதான். ஆனால் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்ணுக்கு வேண்டியது ஓர் இரவுத் தூக்கம். விடுமுறை நாளில் அம்மா பக்கத்தில் அந்த மகன் படுத்துக்கொண்டால் அதற்கு ஈடாகப் பணம் எதுவும் நிற்காது.

“வயசாச்சு, நியான்யோக்” (மலாயில் முதுமைத் தடுமாற்றம்) என்று விட்டுவிடுகிறோமே, அதுதான் பெரிய தவறு. தைராய்டு குறைவும் பி12 சத்துக் குறைவும் மனச்சோர்வும்கூட இதே போன்ற குழப்பத்தைக் கொண்டுவரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நம்மவர்களில் பலர் இனிப்புநீருக்கு ஆண்டுக்கணக்கில் விழுங்கும் மெட்ஃபார்மின் மாத்திரை பி12-ஐக் குறைக்கக்கூடியது. முதல் வேலை, கிளினிக்கில் ஒரு ரத்தப் பரிசோதனை. திடீரென்று ஒரே நாளில் குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்றைப் பலர் காலம் கடந்தபின்தான் அறிகிறார்கள். சிங்கப்பூரில் 2008-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டத்தின்கீழ், மனத்திறனோடு இருக்கும்போதே ஒருவர் தம் பொறுப்புகளைப் பிள்ளையிடம் எழுதிவைக்கலாம். மனத்திறன் இழந்தபின்தான் அந்தப் பத்திரம் வேலைசெய்யும். மலேசியாவின் வழக்கமான அதிகாரப் பத்திரமோ, எழுதிக்கொடுத்தவர் மனத்திறன் இழந்ததும் செல்லாமல் போகிறது. அதன்பின் அம்மாவின் வீட்டையோ சேமிப்பையோ நிர்வகிக்க, 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உயர்நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வழக்கறிஞர் செலவு, மருத்துவர் சான்று, அலைச்சல்.

ஆகவே அம்மா தெளிவாகப் பேசும் நாளிலேயே, உடன்பிறந்தோர் எல்லாரையும் உட்காரவைத்து அவர் விருப்பத்தைக் கேளுங்கள். உயில், கூட்டு வங்கிக் கணக்கு, சேமநிதி வாரிசு நியமனம் மூன்றையும் முடித்துவையுங்கள். யார் எந்த இரவு அம்மாவோடு இருப்பது என்பதையும் அன்றே பேசி முடிவுசெய்யுங்கள்.