பாப் யே யே: பரணில் உறங்கும் இசைத்தட்டுகள்

இசை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இருவகை இசைக்கே இடம் தருகின்றனர். அறிஞர் போற்றும் பழம்பெரும் இசை ஒன்று. உலகச் சந்தையில் பல இலட்சம் தட்டுகள் விற்ற இசை மற்றொன்று. இவ்விரண்டிலும் சேராமல், ஒரு நாட்டின் இளைஞர்களை ஒரு பத்தாண்டுக் காலம் ஆட்டிவைத்துப் பின்னர் ஓசையின்றி மறைந்துபோன இசைகள் பல உள. அவற்றுள் ஒன்று நம் மலேசிய, சிங்கப்பூர் மண்ணிலேயே பிறந்தது. 'பாப் யே யே' என்பது அதன் பெயர். 1960-களின் நடுவில் எழுந்து 1970-களின் தொடக்கத்தில் அடங்கிய அவ்விசையின் தட்டுகளை இன்று அமெரிக்கரும் ஐரோப்பியரும் நல்ல விலை கொடுத்துத் தேடி வாங்குகின்றனர். அலோர் ஸ்டாரிலும் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் வீடு மாறிச் செல்லும் குடும்பங்களோ, தாத்தாவின் பெட்டியைத் திறந்து பார்க்காமலே குப்பை வண்டியில் ஏற்றிவிடுகின்றன. ஆதலின் அவ்விசை எத்தகையது, அதை எவ்வாறு இனங்காண்பது என்பன பற்றிச் சிறிது கூறுதல் தகும்.

'ஷேடோஸ்' என்னும் ஆங்கிலேயக் குழுவிலிருந்து கதை தொடங்குகிறது. 1960-இல் அவர்கள் வெளியிட்ட 'அப்பாச்சி' என்னும் தட்டில் பாட்டே இல்லை; மின்சாரக் கித்தார்தான் பாடியது. மறு ஆண்டு, 1961-இல், கிளிஃப் ரிச்சர்டுடன் அக்குழு சிங்கப்பூருக்கு வந்து வாசித்தது. ஆங்கிலம் அறியாதவனுக்கும் கித்தார் புரியும் அன்றோ? சிங்கப்பூரிலும் தீபகற்பத்தின் பட்டினங்களிலும் மூன்று கித்தார், ஒரு முரசுத் தொகுதி என்று குழுக்கள் முளைத்தன. 1963-இல் பீட்டில்ஸ் குழுவின் புகழ்பெற்ற பாட்டொன்றில் 'யே, யே' என்று வரும் முழக்கம் உலகெங்கும் பரவியது. அம்முழக்கமே நம் நாட்டில் ஓர் இசைவகையின் பெயராயிற்று. வாசிக்கும் குழுவுக்கு மலாய் மொழியில் 'குகிரான்' என்று பெயர் வந்தது. 'கும்புலான் கித்தார் ரஞ்சாக்', அதாவது 'துள்ளல் கித்தார்க் குழு' என்னும் மூன்று சொற்களின் முதலசைகளைக் கோத்துச் செய்த சொல் அது.

எம். ஒஸ்மான் பாடிய 'சூசானா'வை இவ்வகையின் முதற்பாட்டாகப் பலர் கொள்வர். அவருக்குப் பின் ஜெஃப்ரிடின், ஏ. ராம்லி, அட்னான் ஒத்மான், ஏ. ரஹ்மான் ஹசான் என ஒரு வரிசையே எழுந்தது. பெண்களில் சனிசா ஹூரி, ரஃபியா புவாங் ஆகியோர் பெயர் பெற்றனர். ஜெஃப்ரிடினுக்கு வாசித்த குழுவின் பெயர் 'சிக்லாப் ஃபைவ்'. சிக்லாப் என்பது சிங்கப்பூரின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு பகுதி. அந்தப் பையன்களின் ஊர்ப்பற்று பெயரிலேயே தெரிகிறது. காசிம் சலாமாட்டும் 'சுவாலோஸ்' குழுவும் இன்னும் ஒரு படி மேலே போயினர். ஜாவாக் கடலில் உள்ள பாவேயான் தீவிலிருந்து வந்து குடியேறிய மக்களின் பேச்சுமொழியிலேயே அவர்கள் துள்ளல் பாட்டுப் பாடினர். சந்தையைக் கணக்கிட்டவன் செய்கிற காரியமன்று அது. இக்குழுக்களைத் திரையில் ஆடவிட்டு 1967-இல் 'ஏ கோ கோ 67' என்றொரு மலாய்ப் படமும் வெளிவந்தது.

இப்பாட்டுகளை முதன்முறை கேட்பவர்கள், 'மேனாட்டானைப் பார்த்துச் செய்த நகல்' என்று ஒதுக்கிவிடுதல் உண்டு. கித்தாரை மட்டும் கேட்டால் அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. குரலைக் கேட்டால் நிலைமை வேறு. பாடுகிறவன் மலாய் 'அஸ்லி' இசையில் பழகியவன். ஒரு சுரத்தில் நிற்கும்போது குரலைச் சற்றே அசைத்து நெளித்து இறக்குகிறான். நம் கமகம் போன்றதே அது. பாட்டின் சொல்லமைப்பில் பந்துனின் சாயல் தெரிகிறது. நடையில் ஜோகெட் தாளம் எட்டிப் பார்க்கிறது. இந்திப் படப்பாட்டின் சாயலும் சிலவற்றில் உண்டு. மலாய்த் திரையுலகை வளர்த்தோரில் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பலர் இருந்தமையால் இதில் வியப்பில்லை. பி. ராம்லி நாயகனாக நடித்த 'பக்தி' என்னும் 1950-ஆம் ஆண்டுப் படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்பதை நம்மவரிற் பலரே அறியார்.

பழைய தட்டு வணிகர்கள் இவற்றையெல்லாம் 'சைக்கெடெலிக்' இசை என்று விளம்பரம் செய்கின்றனர். அச்சொல்லின் பொருளையும் பார்த்துவிடுவோம். ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்னும் மனநோய் மருத்துவர் 1956-இல் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தில் ஆக்கிய சொல் அது. கிரேக்க வேர்ச்சொற்களின்படி 'உள்ளத்தை வெளிப்படுத்துவது' என்று பொருள்படும். மருந்துகளைக் குறித்த அச்சொல், பத்தாண்டுக்குள் ஓர் இசைப்போக்கின் பெயராக மாறிற்று. அதன் அடையாளங்களுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, கரகரத்த கித்தார் ஒலி. கித்தாரின் மின்னலையைத் தாங்குமளவுக்கு மேல் பெருக்கினால், அலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகும். அவ்வெட்டே காதில் கரகரப்பாக ஒலிக்கிறது. மற்றது எதிரொலி. ஒலிநாடாவில் பதிந்ததையே சிறிது நேரம் கழித்து மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்யும் சிறு கருவி அதனைச் செய்தது. இவற்றோடு, ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அதன்மேல் வாசிக்கும் முறையும் மேனாட்டாரைக் கவர்ந்தது. 1965-இல் ஜார்ஜ் ஹாரிசன் பீட்டில்ஸ் தட்டொன்றில் சிதார் வாசித்த பின் அம்மோகம் பெருகிற்று. கெடாவின் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நாயனத்துக்கு ஒத்து ஊதக் கேட்டு வளர்ந்தவனுக்கு இதிலென்ன புதுமை! லண்டன் புதிதாகக் கண்டெடுத்ததை நம் லயத்துப் பிள்ளைகள் ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டிருந்தனர்.

வணிகர் சொல்லும் பெயரை அப்படியே நம்ப வேண்டா. பாப் யே யே தட்டுகளில் பெரும்பகுதி ஷேடோஸ், பீட்டில்ஸ் ஆகியோரின் தொடக்க காலப் பாணியைச் சேர்ந்தது. தெளிந்த கித்தார், நேரான தாளம். உண்மையான சைக்கெடெலிக் போக்கைத் தேடுவோர், சிங்கப்பூரின் 'ஸ்ட்ரேடாக்ஸ்', கோலாலம்பூரின் 'ஸ்ட்ரோலர்ஸ்' போன்று ஆங்கிலத்தில் பாடிய குழுக்களின் பிற்காலத் தட்டுகளையே நாட வேண்டும். என்னளவில், தெளிந்த கித்தாரும் நெளியும் மலாய்க் குரலும் கலந்த எளிய தட்டுகளே அதிகச் சுவையுடையன.

இதில் தமிழருக்கு என்ன பங்கு என்று வாசகர் கேட்கலாம். 1965-இல் 'நயோமியும் பாய்ஸும்' என்னும் சிங்கப்பூர்க் குழு, அமெரிக்காவின் பழைய பிறந்தநாள் பாட்டொன்றைப் புதிதாய்ப் பாடிப் பெரும்புகழ் பெற்றது. பாடிய பெண் நயோமி சுப்பையா. கித்தார் வாசித்தவர் ராபர்ட் சூரியா. கெடாவுக்கு அடுத்த வீடான பினாங்கில், 1960-களின் இறுதியில், ஆறுமுகம் குடும்பத்துச் சகோதரர்களான டேவிட்டும் லோகநாதனும் 'அலிகேட்ஸ்' குழுவைத் தொடங்கினர். 1970-களில் ஹாங்காங்கில் வாசித்துப் பின் மலாய்ப் பாட்டுக்குத் திரும்பிய அவர்கள் நாடறிந்த கலைஞராயினர். லோகா 2007-இல் மறைந்தபோது எல்லா இனத்தவரும் வருந்தினர். கடல் கடந்து இலங்கையில் நித்தி கனகரத்தினமும், பின்னர் ஏ. ஈ. மனோகரனும் தமிழிலேயே இத்தகைய பாட்டைப் பாடினர். அந்நாட்டுத் தமிழர் அதற்குத் 'துள்ளிசை' என்று அழகிய பெயரும் வைத்தனர். நம் நாட்டில் தமிழ்த் துள்ளிசை அவ்வாறு வேரூன்றாமைக்குத் தமிழ்நாட்டுத் திரைப்பாட்டே காரணம் எனலாம். எம். எஸ். விசுவநாதன் 'அன்பே வா' போன்ற படங்களில் ட்விஸ்ட் ஆட்டத்துக்கும் மெட்டமைத்துத் தந்துவிட்ட பிறகு, தோட்டத்து இளைஞனுக்கு வேறு தேவை தோன்றவில்லை.

இவ்விசை அடங்கியதற்குப் பல காரணங்கள் உள. பிரிட்டிஷ் படையினர் 1971-ஐ ஒட்டிச் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதால் இரவு விடுதிகளின் கூட்டம் குறைந்தது. நீண்ட முடி வளர்த்த ஆண்களுக்கு அரசாங்க அலுவலகங்களில் கடைசியாகத்தான் சேவை என்று அங்கே அறிவிப்புப் பலகைகள் தொங்கிய காலம் 1970-கள். மெல்லிசைப் பாணியும் பிறகு டிஸ்கோவும் வந்து சேர்ந்தன. புதிது பழையதை விழுங்குவது உலக இயல்பு. பாப் யே யே வந்தபோது பி. ராம்லியின் இசையே பழசாகிவிட்டது என்று ஒதுக்கப்பட்டதல்லவா? 1973-இல் அவர் மறைந்த பிறகே நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது.

மறந்த இசையைத் தொகுத்து வெளியிடும் வழக்கத்துக்கு வழிகாட்டியது 1972-இல் அமெரிக்காவில் லென்னி கே தொகுத்த 'நக்கெட்ஸ்' என்னும் இரட்டைத் தட்டு. 1965 முதல் 1968 வரை ஒரு பாட்டோடு மறைந்துபோன சிறுகுழுக்களின் 27 பாட்டுகள் அதில் இருந்தன. பின்னாளில் இவ்வேட்டை ஆசியாவுக்கும் வந்தது. இங்கேதான் கவலைக்குரிய செய்தி ஒன்று உண்டு. 1994-இல் ஓர் அமெரிக்கப் பயணி கம்போடியாவில் ஒலிநாடாக்கள் வாங்கிச் சென்றார். அவற்றிலிருந்து 1996-இல் 'கம்போடியன் ராக்ஸ்' என்னும் தொகுப்பு வெளியாயிற்று. 22 பாட்டுகள்; ஒன்றுக்கும் பாடியவர் பெயரில்லை. அவர்களோ சின் சிசாமுத், ரோஸ் செரே சோதியா, பான் ரோன் போன்ற பெருங்கலைஞர்கள். 1975-க்கும் 1979-க்கும் இடையில் கெமர் ரூஜ் ஆட்சியில் மாண்டவர்கள். உயிரும் போய்ப் பெயரும் போன கொடுமை அது. ஆர்வலர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்தே ஒவ்வொரு பாட்டுக்கும் உரிய பெயரைத் தேடிச் சேர்த்தனர்.

நம் இசைக்கு அந்நிலை முழுவதும் நேராமல் காத்தவர்களுள் கார்ல் ஹாம் என்னும் அமெரிக்கர் ஒருவர். 1964 முதல் 1970 வரை வெளிவந்த சிங்கப்பூர், மலேசியப் பாட்டுகளைத் திரட்டி, பாடியவர்களையும் வாசித்தவர்களையும் நேரிற் கண்டு, பெயரும் வரலாறும் எழுதி, 'சப்லைம் ஃபிரீக்வன்சீஸ்' நிறுவனத்தின் வாயிலாக 2010-களில் அவர் வெளியிட்டார். அட்னான் ஒத்மானுக்குத் தனித் தொகுப்பே வந்தது. இளையராஜாவின் பழைய மெட்டுகளை 'ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்' என்னும் ஆங்கில நிறுவனம் 'சொல்லச் சொல்ல' என்ற பெயரில் தொகுத்ததும் இதே வகை முயற்சி. அயலார் செய்தமை குறித்து நாம் வெட்கப்படலாம். நன்றி பாராட்டவும் வேண்டும்.

சட்டமும் கலைஞருக்குப் பெரிய துணையன்று. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகளே காப்பு உண்டு. 1965-இல் வெளிவந்த தட்டு 2015-ஆம் ஆண்டு முடிவோடு இங்கே பொதுவுடைமை ஆகிவிட்டது. சிங்கப்பூரில் 70 ஆண்டுகள். அதே தட்டு அங்கே 2035 வரை காக்கப்படும். ஆனால் ஒலிப்பதிவு வேறு, பாட்டு வேறு. பாட்டை இயற்றியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் மலேசியாவில் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டும் உரிமை உண்டு. ஒருவர் பெயர் தெரிந்தால் அல்லவா அவருக்கோ பிள்ளைகளுக்கோ உரியது சேரும்?

பெட்டியில் இத்தட்டுகளைக் காண்போர் கவனிக்க வேண்டியவை சில. ஏழு அங்குல அகலமும் நிமிடத்துக்கு 45 சுற்றும் உடையனவே பெரும்பாலான பாப் யே யே தட்டுகள். பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டுகள் இருக்கும். பாட்டு முடிந்தபின் உள்ள வழவழப்பான உள்வட்டத்தில் ஓர் எண் கீறப்பட்டிருக்கும். மேலட்டை கிழிந்துபோன தட்டையும் அவ்வெண்ணைக் கொண்டு இனங்காணலாம். பூஞ்சை படிந்திருந்தால் வடித்த நீரில் நனைத்த மென்துணியால் சுற்றுப்போக்கில் துடைக்கலாம். 78 சுற்றுப் பழைய அரக்குத் தட்டுகளை ஒருபோதும் சாராயத்தாவியால் துடைத்தல் ஆகாது. அரக்கு அதில் கரைந்துவிடும். அவற்றுக்கு ஊசியும் வேறு. 45 சுற்றுத் தட்டுக்குரிய நுண்ணிய ஊசி அகன்ற பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலையே தரும். கெடா வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், தட்டுகளைப் படுக்கையாக அடுக்கினால் வளைந்துவிடும். நேராக நிறுத்தியே வைத்தல் வேண்டும்.

நூல்களோடு இசைத்தட்டுகளையும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கச் சொல்லும் சட்டம் 1986-இல்தான் வந்தது. 1960-களில் வெளியான தட்டு எங்கேனும் ஒரு குடும்பத்தின் கையில் இருந்தால்தான் உண்டு. தேசியப் பழஞ்சுவடிக் காப்பகத்துக்கு அலோர் ஸ்டாரிலேயே கிளை இருக்கிறது. அங்கே கேட்டுப் பார்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. கொடுக்கும் முன், மேலட்டையின் பின்புறத்தில் மையால் எழுதிய கிறுக்கல்களையும் கடை முத்திரையையும் அழிக்க வேண்டா. கித்தார் வாசித்த பையனின் பெயர் அச்சில் விடுபட்டு, அவன் தோழன் ஒருவன் எழுதிவைத்த அக்கிறுக்கலில் மட்டுமே இருத்தலும் கூடும்.