மூக்கு எத்தனை விரற்கடை?

ராஜபாளையத்தை விட்டுச் சென்னையில் ஃப்ளாட் வாங்கிக் குடியேறுபவர்கள், ஊர்ப் பெயரைத் தாங்கிய நாயை மட்டும் கூடவே கூட்டிப்போக முடியாது. தோள் வரை 65 முதல் 75 செ.மீ. உயரம், காட்டுப்பன்றியை விரட்டிய கால்கள். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் அது ஒருமுறை திரும்பினால் டீப்பாய் மேல் ஒரு டம்ளர் மிஞ்சாது. சரி, சின்ன நாயாக ஒன்று பார்ப்போம் என்று விசாரித்தால், பலரும் கைகாட்டுவது பக் குட்டியை.

அந்தப் பக்கைத்தான் 2024-இல் வந்த தமிழ்நாடு அரசின் நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் வெப்பத்துக்கு ஒவ்வாத 11 வெளிநாட்டு இனங்களின் பட்டியலில் வைத்தது. செயின்ட் பெர்னார்டும் ஹஸ்கியும் அதில் இருப்பது புரிகிறது, கம்பளியோடு பிறந்தவை. பக்குக்கு ரோமம் குட்டை, உடம்பும் சிறிது. அதற்கென்ன குறை?

மூக்குதான்.

நாய் நாக்கால் சூட்டைத் தணிக்கிறது என்பது பாதி உண்மை. இரைக்கும் நாய் காற்றைப் பெரும்பாலும் மூக்கால் இழுத்து வாயால் விடுகிறது. உடலியலாளர் க்னூட் ஷ்மிட்-நீல்சனின் குழு 1970-இல் இதை அளந்தே காட்டியது. மூக்குக்குள் சுருட்டிய காகிதம்போல மெல்லிய எலும்புத் தகடுகள், அவற்றின்மேல் ஈரச்சவ்வு, அந்த ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளப் பக்கவாட்டில் தனிச் சுரப்பி. உள்ளே வரும் காற்று ஈரத்தை ஆவியாக்க, சவ்வில் ஓடும் ரத்தம் குளிர்கிறது. அதே காற்று வந்த வழியே திரும்பினால், எடுத்த சூட்டில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே வாய் வழியே வெளியேற்றம். நீள மூக்கு என்பது வாசல் ஓரத்து மண்பானை. உள்ளே இன்னும் பத்துப் பானைகளை அடுக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல். இரைப்பதும் உழைப்பு, உழைத்தால் உடம்பு சுடும். நிமிடத்துக்குச் சுமார் 300 முறை நெஞ்சை அசைத்துவிட்டு லாபம் பார்ப்பது எப்படி? 1962-இல் ஆய்வாளர் யூஜின் கிராஃபோர்ட் கண்டது அழகான விடை. நாயின் மார்புக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் சுருள்வில்லைப்போல ஓர் இயல்பான அதிர்வு வேகம் உண்டு. நாய் இரைப்பது சரியாக அந்த வேகத்தில். கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கும் பாட்டியைப் பாருங்கள். பெருவிரலால் தரையை ஒரு தொடு தொட்டால் போதும், ஊஞ்சல் தானே போய்வரும். பேரன் வந்து அதை இரட்டை வேகத்தில் ஆட்டப் பார்த்தால் அவனுக்கு வேர்க்கும், சங்கிலி முறுக்கும், சுண்ணாம்பு டப்பா உருளும், திட்டும் விழும். சாதாரண மூச்சிலிருந்து நாய் ஒரே தாவலில் இரைப்புக்குப் போவதும், இடைப்பட்ட வேகங்களில் தங்காததும் இதனால்தான்.

பக்கின் ஊஞ்சலுக்கோ சங்கிலியே துருப்பிடித்தது. இனம் பெருக்கியவர்கள் மண்டையைக் குறுக்கினார்கள், உள்ளிருக்கும் சதை அதே கணக்கில் குறுகவில்லை. நாசித் துளை கீறலாகிவிட்டது, மென்அண்ணம் தொண்டையில் தொங்குகிறது, எலும்புத் தகடுகள் இடமில்லாமல் தாறுமாறாக வளர்ந்து வழியை மறிக்கின்றன. காற்றை இழுப்பதற்கே தசை மல்லுக்கட்ட வேண்டும். அந்தக் குறட்டையை ‘க்யூட்’ என்று வீடியோ எடுப்பவர்கள் பார்ப்பது மூச்சுத்திணறலை. 2003-இல் ஹட்ச் கைபேசிச் சேவை விளம்பரத்தில் சிறுவனின் பின்னால் ஓடிய பக் நாடெங்கும் ஆசையைக் கிளப்பியது. சென்னையின் பிசுபிசுக் காற்றில் பானைத் தண்ணீரே சரியாகக் குளிராது என்பதை விளம்பரம் சொல்லுமா?

அழகு மோகத்தில் நாமும் சளைத்தவர்கள் இல்லை. ராஜபாளையம் நாய்க்குத் தூய வெள்ளையும் ரோஜா நிற மூக்கும்தான் அசல் என்று பொறுக்கி வளர்த்ததற்கு விலை, சில குட்டிகளுக்குக் காது கேளாமை. நிறம் தரும் செல்கள் உட்செவியிலும் வேலை பார்ப்பவை.

உடம்பு சிறுத்ததில் தப்பில்லை. நாயைச் சிறிதாக்கும் மரபணு மாற்றமொன்று 54,000 ஆண்டுப் பழைய சைபீரிய ஓநாயிலேயே இருந்ததாக 2022-இல் தெரியவந்தது. ஃப்ளாட் சங்கச் செயலாளர் ‘சின்ன நாய் மட்டும்’ என்று பலகை மாட்டவும் முடியாது. அளவைக் காட்டிப் பெரிய நாய்க்குத் தடை போடக்கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டியிருக்கிறது.

குட்டி பார்க்கப் போகிறவர் தையல்காரர் டேப் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளலாம். கண்களுக்கு நடுவே உள்ள பள்ளத்திலிருந்து மூக்கு நுனி வரை ஓர் அளவு; அதே பள்ளத்திலிருந்து பிடரி மேட்டு எலும்பு வரை இன்னொன்று. லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரி ஆய்வாளர்கள் 2015-இல் பார்த்தபோது, மூச்சடைப்பு நோய் கண்ட நாய்கள் எல்லாவற்றுக்கும் முதல் அளவு இரண்டாவதில் பாதிக்கும் குறைவு. குட்டிக்கு முகம் இன்னும் வளரும் என்பதால் தாயையும் தகப்பனையும் அளப்பது நல்லது. நாம் பொமரேனியன் என்று கூப்பிடும் இந்தியன் ஸ்பிட்ஸ் இதில் தேறிவிடும். ஆனால் காலிங்பெல் அடித்தவர் போன பிறகும் குரைக்கும். டாஷ்ஹண்டுக்கு மூக்கு தாராளம், முதுகுத் தட்டுதான் பலவீனம். படி ஏறி இறங்கவிடக்கூடாது. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்றால் தினம் இரண்டு வேளை தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். லிஃப்ட் இருந்தாலும் கரண்ட் போன அன்று அதே கதை.