கொள்ளுப்பிட்டியில் இருந்து ஜெனீவா வரை

காலிமுகத்திடலில் இருந்து தெற்கே காலி வீதியில் சிறிது தூரம் நடந்தாலே கொழும்பு அரசியலின் பாதி கண்ணில் பட்டுவிடும். பிரதமரின் அலரி மாளிகை, தூதரகங்கள், நட்சத்திர ஹோட்டல்கள். இவற்றுக்கு நடுவில் ஸ்கொட்ஸ் கேர்க் எனப்படும் புனித அந்திரேயா ஆலயம். இன்னும் கொஞ்சம் போனால் மெதடிஸ்த ஆலயமும், 1866இல் தொடங்கிய மெதடிஸ்த கல்லூரியும். கொள்ளுப்பிட்டியில் ஆட்சியும் ஆலயமும் அயலவர்கள். ஆட்சி பிழை விடும்போது இந்த அயலவர் வாய் திறப்பாரா, திறந்தால் யாருக்காகத் திறப்பார் என்பது இலங்கைக் கிறிஸ்தவர்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் கேள்வி.

நாட்டின் சனத்தொகையில் கிறிஸ்தவர்கள் 8 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் சிங்களவரும் தமிழரும் பெருமளவில் ஒரே சமயத்தைச் சேர்ந்தவர்களாக இருப்பது இங்குதான். அதனால் நீதி பற்றித் திருச்சபை எதைச் சொன்னாலும் இரு தரப்பும் காது கொடுக்கும், அளந்தும் பார்க்கும்.

அந்த அளவுகோலுக்கு ஈடுகொடுத்தவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. 1971 கிளர்ச்சியை அரசு அடக்கிய காலத்தில் உருவான குடியியல் உரிமைகள் இயக்கத்துக்குப் பின்னாளில் தலைமை தாங்கியவர். தமிழருக்கு எதிரான 1983 கறுப்பு ஜூலை வன்முறையின்போது இங்கிலாந்தில் இருந்தார். நாடு திரும்பியதும், உடல்நிலையைப் பொருட்படுத்தாமல், யாழ்ப்பாணம் வரை சென்று பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்தார். அந்த செப்டெம்பரில் தன் மறைமாவட்ட மன்றத்தின் முன் நின்று, நடந்ததற்காகச் சிங்கள மக்கள் வெட்கப்பட வேண்டும், தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். அவர் பேசியது பெரும்பாலும் சிங்களவர்களைக் கொண்ட தன் சபையிடம். ஒக்டோபர் 23ஆம் திகதி, 56ஆவது வயதில் காலமானார்.

2009இல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு இதே பணி மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப்பின் தலையில் விழுந்தது. அவர் கையில் எடுத்தது கணக்கு. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர் என்றது அரச செயலகப் பதிவு. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர் என்றது ஐ.நா. பதிவு. எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நடந்தது? 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது ஆயரும் அவருடைய குருமாரும் இந்தக் கழித்தலைத்தான் எழுத்தில் கொடுத்தார்கள். பொலிஸார் வந்து ஆயரை விசாரித்தார்கள். கணக்குக்கு மட்டும் பதில் வரவில்லை.

கொழும்பின் தொனி அப்போது வேறாக இருந்தது. 2012இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை மீது தீர்மானம் கொண்டுவரப்பட்டபோது, அது நாட்டின் விவகாரத்தில் வேண்டாத தலையீடு என்றார் கொழும்புப் பேராயர் கர்தினால் மெல்கம் ரஞ்சித்.

பின்னர் வந்தது 2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு காலை 8.45க்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. கோபுரத்து மணிக்கூடு அந்த நேரத்திலேயே நின்றுவிட்டது. சாதி, சமயம் பாராமல் கொட்டாஞ்சேனைத் தமிழர்கள் நேர்த்திக்கடன் வைக்கும் கோயில் அது. கட்டுவாப்பிட்டி தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொள்ளுப்பிட்டி சினமன் கிராண்ட் உள்ளிட்ட ஹோட்டல்கள் என அன்று 260க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

அதன் பிறகு நீதி கேட்கும் வேலை பங்குகளுக்குள் இறங்கியது. 2021 மார்ச் 7ஆம் திகதி கத்தோலிக்கர்கள் கறுப்பு உடையில் பூசைக்குப் போனார்கள். குருமாரும் உறவுகளை இழந்தவர்களும் வழக்குப் போட்டார்கள். முன்கூட்டியே கிடைத்த புலனாய்வுத் தகவல் இருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவைத் தன் சொந்தப் பணத்தில் நட்டஈடாகக் கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2022 மார்ச்சில், கர்தினால் ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையின் முன் நின்று சர்வதேச விசாரணை கோரியிருந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் வேண்டாம் என்ற அதே மன்றம்.

அந்த மார்ச்சுக்கு அடுத்த மாதமே காலிமுகத்திடலில், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பதவி விலகக் கோரும் ‘கோட்டா கோ கம’ போராட்டக் களம் முளைத்தது. அலரி மாளிகை வாசலில், பிரதமர் விலகக் கோரும் ‘மைனா கோ கம’. குருமாரும் அருட்சகோதரிகளும் போராட்டக்காரர்களோடு நின்றார்கள். அவர்களில் ஒருவரான அருட்தந்தை ஜீவந்த பீரிஸ் இரத்தினபுரி மறைமாவட்டத்தில் தோட்டத் தொழிலாளர் நடுவே பணிபுரிந்தவர். பிற்பாடு பொலிஸார் அவரைத் தேடினார்கள். மே 18ஆம் திகதி அதே திடலில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைவுகூர்ந்து கஞ்சி பரிமாறினார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும்தான். இறுதிப் போரின்போது வன்னி மக்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த உணவு. வடக்கில் அதைக் காய்ச்சுவதற்கே கெடுபிடி இருந்த ஆண்டுகளுண்டு. கொழும்பின் நடுவில், சிங்களவர்களும் பல சமயத் துறவிகளும் உடன் நிற்க அது வழங்கப்பட்டது. ஜூலை 22 விடிவதற்குள் படையினர் அந்தக் கூடாரங்களைப் பிரித்தெறிந்தார்கள். முதல்நாள் ஜனாதிபதியாகப் பதவியேற்றிருந்த ரணில் விக்கிரமசிங்க, ஆயர் லக்ஷ்மனின் அண்ணன் மகன்.

மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதையொட்டி, 2023இல் தேசிய கிறிஸ்தவ மன்றம் முன்னெடுத்த நடைபயணம் இன்னொரு முயற்சி. ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டு, தோட்டங்களுக்கு வந்த முதல் தலைமுறை நடந்த திசையிலேயே 250 கிலோமீட்டர் நடந்து, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தார்கள். காணி உரிமை, வீடு, நியாயமான சம்பளம் ஆகியவை கோரிக்கைகள். அப்போது 1,000 ரூபாவாக இருந்த நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது. பெரும்பாலான குடும்பங்களுக்குக் காணி உறுதி இன்னும் கைக்கு வரவில்லை.

உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னணியில் யார் என்ற கேள்வியைக் கத்தோலிக்கத் திருச்சபை ஒவ்வோர் ஏப்ரலிலும் எழுப்புகிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டமும் சர்வதேச விசாரணையைத்தான் கேட்கிறது. இரண்டும் இதுவரை தனித்தனி மனுக்களாகவே ஜெனீவாவுக்குப் போகின்றன. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கொழும்புப் பேராயர் இல்லம் எப்போது கையெழுத்திடும் என்று வடக்கின் குருமார் சிலர் இன்றும் கேட்கிறார்கள்.